எங்கள் கொம்யூனின் விறகுப் பட்டியல்

1

மூன்று மாதம் மயிலாப்பூரில் இருந்துவிட்டு வீடு திரும்பிய அன்று ஞாயிற்றுக்கிழமை. விமானம், ரயில், பஸ், கடைசியில் பக்கத்து வீட்டு மார்செலின் வண்டி என்று மாறி மாறி வந்து, இரண்டு பெட்டியையும் ஒரு ஆவக்காய் ஜாடியையும் வாசலில் இறக்கினோம். என் மனைவி கல்யாணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நான் தபால் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள் தபாலில் எங்கள் ஊர் மேயர் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

குறித்த நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாத காரணத்தால், இந்தக் குளிர்காலத்துக்கான விறகுப் பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது. மதிப்புக்குரிய ஐயா, எங்களுடைய மேலான மரியாதையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். அவ்வளவுதான் கடிதம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் இந்த தேசத்தில் கடைசி வரியில் மரியாதைக்குக் குறை வைக்கமாட்டார்கள்.

இந்த நவம்பரோடு நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதல் குளிர்காலம் போக, மீதிப் பதினொன்றிலும் அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

என் மகள் நித்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரே பெண். ஆகஸ்டில் பதினெட்டு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் என்பதால் எங்களோடு சென்னைக்கு வரவில்லை. மூன்று மாதமும் இந்த வீட்டில் தனியாக இருந்தாள். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததுமே, "அப்பா, அதைப் பத்தி நான் உங்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"நீ இதுல தலையிடாதே. உள்ளே போய்ப் படிக்கற வழியைப் பாரு. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

இந்த ஊர்க்காரர்கள் செய்வதைப் போலவே உதட்டைப் பிதுக்கி, தோளைக் குலுக்கிவிட்டு, அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தத் தோள் குலுக்கல் எப்போதுமே எனக்குப் பிடிக்காது.

2

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லியும் யாருக்கும் ஏறவில்லை. பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் ஈஃபில் டவர். கொட்டிவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போன என் பெரியம்மா பிள்ளை, "டவர் உங்காத்து ஜன்னல்லேர்ந்து தெரியுமோ?" என்று இந்தத் தடவையும் கேட்டான். அவன் இன்ஜினியர் வேறு.

சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் பாரிஸுக்கும் எங்களுக்கும். கிழக்கு எல்லை, ஸ்விட்சர்லாந்தை ஒட்டிய மலைப் பிரதேசம். அதில் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். அதன் மேல் ஒரே ஒரு தெரு. அதுதான் ஊர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அட்லஸில் தேடுவீர்கள், கிடைக்காது, என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

ஜனத்தொகை இருநூற்றுச் சொச்சம். சாயங்காலம் லஸ் கார்னரில் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குச் சரிவு முழுக்கக் காடு, தெற்கே மாடு மேயும் புல்வெளி. சர்ச் ஒன்று, மாடுகள் தண்ணீர் குடிக்கக் கல் தொட்டி ஒன்று, சுற்று வட்டாரப் பாலெல்லாம் வந்து சேரும் சீஸ் கொட்டகை ஒன்று. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தபால் ஆபீஸையும் மூடிவிட்டார்கள். ரொட்டிக்காரன் வாரத்தில் மூன்று நாள் வேனில் வந்து ஹாரன் அடிப்பான். தெருக்கோடியில் ஒரு ஓடை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் என்பதால் பாறை இடுக்கில் அப்படியே உள்ளே போய்விடும். இரண்டு பள்ளத்தாக்குத் தாண்டி வேறொரு ஊரில் வெளியே வரும். அங்கே அதற்கு வேறு பெயர்.

இப்படிப்பட்ட ஊருக்குக் கொம்யூன் என்று பெயர். நம் பஞ்சாயத்து மாதிரி என்று சொல்லலாம், ஆனால் இவர்களிடம் சொன்னால் கோபம் வரும். எவ்வளவு சின்னதானாலும் அதற்குச் சொந்தமாக ஒரு மேயர், ஒரு கவுன்சில், ஒரு எல்லை, முக்கியமாகச் சொந்தமாக ஒரு காடு. எங்கள் மேயர் இருபத்தெட்டு மாடு வைத்திருக்கிறார். கவுன்சில் கூட்டத்துக்குச் சாணி ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு வருவார். ஆபீஸ் புதனும் சனியும் நாலிலிருந்து ஆறு மணி வரைதான் திறந்திருக்கும்.

நான் இங்கே வந்து சேர்ந்த கதை ரொம்பச் சின்னது. கிண்டியில் ஒரு பிளாஸ்டிக் மோல்டு கம்பெனியில் வேலை. பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு டவுனில் மூக்குக் கண்ணாடி ஃபிரேம் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் கை வேலை அவர்களுக்குப் பிடித்துப்போய் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் இந்த மேட்டுக்கு ஏறினேன். ஆறு மாதம் கழித்துக் கல்யாணியும் ஆறு வயது நித்யாவும் வந்தார்கள்.

3

இந்த ஊரின் சரித்திரத்தை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு மார்செல். எழுபது வயது, ஒரு காது கேட்காது, குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும்.

முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இது பிரான்ஸே இல்லையாம். ஸ்பெயின் ராஜாவுக்குச் சொந்தமாக இருந்ததாம். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை வந்து, கூலிப்படைக்காரர்கள் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். தீக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளை நோய்க்கும் தப்பியவர்கள் ஓடிப்போனார்கள். ஊர் சுத்தமாகக் காலி. தெருவிலேயே மரம் முளைத்து வளர்ந்ததாம். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மடத்துத் துறவிகள். உழ ஆள் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? மலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இங்கே வந்து குடியேறுங்கள். அடுப்புக்கு ஒரு பங்கு விறகு, எங்கள் காட்டிலிருந்து, உங்கள் பேரன் பேத்தி காலம் வரை என்று.

அப்படி வந்தவர்களின் வாரிசுகள்தான் இன்று இந்த ஊரின் மண்ணின் மைந்தர்கள். மார்செலின் முன்னோர்கள் சவோய் என்ற மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். இன்றைக்கும் அவர் வீட்டுக்குச் 'சவோய்க்காரன் வீடு' என்றுதான் பெயர். "நீ அவசரப்படாதே. முன்னூறு வருஷம் போனா எல்லாம் சரியாயிடும்" என்று என் முதல் குளிர்காலத்தில் முதுகில் தட்டிச் சொன்னார்.

துறவிகள் போனார்கள், ராஜாக்கள் போனார்கள், குடியரசு வந்தது, விறகு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் காட்டிலாகாக்காரர் வந்து வெட்ட வேண்டிய மரங்களுக்குச் சாயக் குறி போடுவார். நல்ல மரங்கள் ரம்ப மில்லுக்கு. மீதியைப் பங்கு பிரித்து எண் போட்டு, சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். வெட்டிக் கொடுக்கமாட்டார்கள், மரம் நின்றபடி கொடுப்பார்கள். வெட்டுவது, பிளப்பது, இழுத்து வருவது எல்லாம் அவரவர் பாடு. கணக்கு தலைக்கு இல்லை, அடுப்புக்குத்தான். பத்துப் பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரு பங்கு, தனிக்கட்டைக்கும் ஒரு பங்கு.

எண்பத்தைந்து இலையுதிர் காலத்தில் மார்செல் என்னைக் கையைப் பிடித்து மேயர் ஆபீஸுக்கு இழுத்துப் போனார். அப்போதிருந்த மேயர், இப்போது உயிரோடு இல்லை, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"புகை வருதா?"

"வருது" என்றார் மார்செல்.

"அப்போ எழுது" என்று காரியதரிசியிடம் சொன்னார்.

அந்த ஒரு வருஷத்தில் பிரெஞ்சு சர்க்காருக்கு நான் எத்தனை காகிதம் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளர் யார் என்பதற்குச் சான்றிதழ், வசிப்பு அட்டைக்கு வரிசை, வரிசையில் நிற்பதற்கு டோக்கன், மூன்று மாதம் கழித்து எல்லாம் காலாவதியாகிவிட்டது மறுபடி கொண்டுவா என்று ஒரு கடிதம். காகிதமே கேட்காமல் என்னை இந்த ஊர்க்காரன் என்று எழுதிக்கொண்டது அந்த விறகுப் பட்டியல் ஒன்றுதான். வருஷா வருஷம் சர்ச் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டுவார்கள். வேலைக்குப் போகும்போது பஸ்ஸை விட்டாலும் விடுவேன், அங்கே நின்று என் பெயரை ஒரு தடவை படிக்காமல் போகமாட்டேன்.

விறகை விலைக்கு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். அது வேறு விஷயம்.

4

இப்போது வெட்கக்கேட்டைச் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூரில் எவருக்கும் நான் விறகு எரிக்கும் விஷயம் தெரியாது.

என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகு, கரி, மரத்தூள் அடுப்பு என்று ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். எழுபத்திரண்டில் காஸ் வந்தபோது அடுப்புக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அந்த அம்மாவுக்கு, வெளிநாடு போன மூத்த பிள்ளை, 'அம்மா, நான் இங்கே கோடாலி வாங்கியிருக்கிறேன்' என்று எப்படி எழுதுவான்? வீடு முழுக்க ஹீட்டர், ஒரு திருகைத் திருகினால் சூடு வரும் என்று முதல் லெட்டரிலேயே எழுதிவிட்டேன். அம்மா அதைக் கபாலி கோயில் குளத்தைச் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். அப்புறம் எப்படி வாபஸ் வாங்குவது?

ஒரு பொய்யைக் காப்பாற்றுவது எவ்வளவு உழைப்பு தெரியுமா? எங்கள் வீட்டு முன்சுவர் நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கு, விறகு அடுக்கி வைத்திருக்கும். இந்த ஊரில் அதுதான் அழகு. அடுக்கின ஒழுங்கைப் பார்த்துத்தான் ஒரு குடும்பத்தையே எடைபோடுவார்கள். ஊருக்கு அனுப்பும் போட்டோ எதிலும் அது விழுந்துவிடக்கூடாது. பனி பெய்தாலும் நாங்கள் மூன்று பேரும் வீட்டின் பின்பக்கம் போய், மார்செலின் கோழிக் கூண்டுக்கு முன்னால்தான் போட்டோவுக்கு நிற்போம்.

"சொல்லித்தான் தொலையுங்களேன். விறகு எரிக்கறது என்ன கொலைக் குத்தமா?" என்பாள் கல்யாணி. அடுத்த லீவுக்குச் சொல்லலாம் என்பேன். அப்படியே பன்னிரண்டு வருஷம் போய்விட்டது.

5

இந்த ஆகஸ்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு நானும் கல்யாணியும் ஓடினோம். பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே என்று வந்தவர் போனவர் எல்லோரும் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லியே என் பிராணன் போயிற்று.

போதாக்குறைக்கு என் தம்பி சீனு, வீட்டைப் பிளாட் கட்டக் கொடுப்பதற்குக் குடும்பத்தார் பெயர் உள்ள காகிதம் வேண்டும், ரேஷன் கார்டில் உன் பெயரைச் சேர்த்துக்கொண்டு வா என்று விரட்டினான். மூன்று நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் கவுன்ட்டரில் இருந்தவர் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி, சிவப்பு மையால் அடித்திருந்த என் பெயரைக் காட்டினார்.

"இன்னா சார் நீங்க? பாரின்ல கீறீங்க, உங்களுக்கு இன்னாத்துக்கு ரேசன் சக்கரை? பேரு அடிச்சு எம்மா வருசம் ஆச்சு" என்றார்.

"சர்க்கரை வேண்டாங்க. பேர் மட்டும் இருந்தா போதும்."

"சோறு துன்ற எடத்துலதான் சார் பேரு இருக்கும். அங்க போயி கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடித்த மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் புதன்கிழமை, நவராத்திரி. கூடத்தில் ஒன்பது படி கொலு, கீழே பாய் நிறையப் பெண்டுகள், பட்டுப்புடவைச் சரசரப்பு, யாரோ ஒரு மாமி பாட ஆரம்பித்து அனுபல்லவியில் மாட்டிக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. சீனு எடுத்தான். எடுத்த வேகத்தில் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"அண்ணா! நித்யா பேசறா! ஏதோ விறகு விறகுங்கறா, ஒண்ணும் புரியலை!"

அத்தனை மாமிகளும் சுண்டலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த அம்மாகூடத் தலையைத் திருப்பியது எனக்குத் தெரிந்தது. நான் ரிசீவரை வாங்கினேன்.

"அப்பா, இன்னிக்குத்தான் விறகுக்குக் கடைசி நாள். நீதான் வந்து கையெழுத்துப் போடணுமாம். ஆறு மணிக்கு ஆபீஸை மூடிடுவா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

மேயரிடம் பேசு, மார்செலைக் கூட்டிக்கொண்டு போ, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல். சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். பத்து விநாடி வேலை. நான் சொன்னது என்ன தெரியுமா?

"ஓ, ஸ்கூல்ல பணம் கட்டணுமா? சரி சரி, அப்புறம் பார்த்துக்கலாம். நீ நன்னா சாப்பிடு, நன்னாப் படி" என்றேன், கூடத்துக்குக் கேட்கிற குரலில்.

பிறகு, "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

"விறகுன்னாளே?" என்றாள் ஒரு மாமி.

"ஸ்கூல்ல பசங்களை எல்லாம் பிக்னிக் கூட்டிண்டு போறா, மாமி. அங்கே குளிர்காயறதுக்கு" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டிருந்தது. கல்யாணி என்னைப் பார்க்காமல் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்த் திரும்பப் பேசியிருக்கலாம். முழங்கால் வரை தண்ணீர் நின்றது. அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மறந்துபோக வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமை வரை ஆபீஸ் திறக்கக் காத்திருந்தேன். மூன்று நாளும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மனசுக்குள் பிரெஞ்சில் வாக்கியம் வாக்கியமாகத் தயார்செய்தேன். பதினொரு வருஷம் ஒழுங்காக மரம் வெட்டியவன், ஒரு தடவைகூடக் கெடு தாண்டாதவன், தாயார் படுக்கையில் கிடந்ததால் வர முடியாதவன், இவனை நீக்குவதுதான் உங்கள் குடியரசா என்று கேட்பதாகத் திட்டம்.

காரியதரிசி மதாம் கொலெத் இருபது வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறவர். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அதற்குப் பதில்கூடச் சொல்லாமல் கடிதத்தை மேஜையில் போட்டேன். கோபம் வந்தால் என் பிரெஞ்சு என்னைக் கைவிட்டுவிடும். வினைச்சொற்களெல்லாம் முதலில் ஓடிவிடும். அன்றைக்கு மரியாதையும் கூடவே ஓடிவிட்டது. இருபது வருஷ உத்தியோகஸ்தரை, என்னைவிட வயதில் மூத்தவரை, 'நீ', 'உன்' என்று ஒருமையில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் எனக்கே உறைத்தது. நிறுத்த முடியவில்லை. மூச்சு வாங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

அவர் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் தெரு. மார்செல் வீடு. அடுத்த வரி எங்கள் வீடு. அதற்கு நேரே ஒரு பெயர் இருந்தது. நித்யாவின் பெயர். பக்கத்தில் அவளுடைய கையெழுத்து.

"கடைசி நாள், மூடுறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடி வந்தா" என்றார் மதாம் கொலெத். "அப்பாவால வர முடியாது, போன்ல பேசவும் முடியாது அப்படீன்னா. அப்போ அடுத்த வருஷம்தான் பார்க்கணும்னு சொன்னேன். 'கணக்கு ஆளுக்கா, அடுப்புக்கா?'ன்னு கேட்டா. அடுப்புக்குத்தான்னேன். 'அந்த அடுப்பு தினமும் எரியுது. நான்தான் எரிக்கிறேன். என் பேரை எழுதுங்க'ன்னா. பிறந்த தேதியைப் பார்த்தேன். பதினெட்டு ஆயிடுச்சு. மேயரும் இங்கதான் இருந்தார். சரின்னுட்டார்."

"அப்புறம் எதுக்கு எனக்கு இந்தக் கடிதம்?"

"ஒரு அடுப்புக்கு ரெண்டு பேர் இருக்க முடியாதே. உங்க பேரை எடுத்தாத்தான் அவ பேரை எழுத முடியும். எடுத்தா உங்களுக்குத் தெரிவிக்கணும். அது விதி."

என் பெயரை மறுபடி எழுதுங்கள், அவள் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்றேன்.

"அவங்க எழுதிக் கொடுத்தா, அடுத்த வருஷம் மாத்தலாம்" என்றார். என் மகளை 'அவங்க' என்றார்.

வெளியே வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. நான் நின்று படிக்கவில்லை.

7

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நித்யா அடுப்பில் கட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வாசல்லயே சொல்ல வந்தேன். தலையிடாதேன்னே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஒரு போன் பண்ணியிருந்தா..."

"பண்ணினேனே அப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஸ்கூல்ல பணம் கட்டணுமான்னு கேட்டே. நான் விறகுன்னு தெளிவாத்தான் சொன்னேன், உனக்குக் கேட்டுதுன்னும் தெரியும். முதல்ல நீ ஏதோ தப்பாப் புரிஞ்சிண்டேன்னு நினைச்சேன். அப்புறம் பின்னாடி அத்தனை பேர் குரல் கேட்டுது. அப்பத்தான் புரிஞ்சுது. அவா எதிர்ல நம்மளைச் சொல்ல உனக்கு வெட்கமா இருக்கு."

"உங்க மேல வெட்கமில்லைடி, விறகு..."

"அந்த விறகைத்தானே நான் மூணு மாசம் எரிச்சுண்டு உட்கார்ந்திருந்தேன்?"

கல்யாணி ஆவக்காய் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். துடைத்த ஜாடியையே மறுபடி துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு மேயர் ஆபீஸ் கூடத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. வீட்டின் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்ததும் பழக்க தோஷத்தில் நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். மார்செல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நித்யா போய்த் துணிப் பையில் கைவிட்டு எடுத்தாள். முப்பத்தொன்று. சரிவில், பாதைக்குப் பக்கத்திலேயே. பதினொரு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட அப்படி நல்ல இடம் விழுந்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் முகம் சிவந்து சிரித்தாள். நானும் தட்டினேன். சந்தோஷமாகத் தட்டினேன் என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகிவிடும்.

மரத்தை யார் வெட்டுவது என்ற பிரச்சினை வந்தது. அவளுக்குப் பரீட்சை வருஷம். மோட்டார் ரம்பத்தை அவள் கையில் கொடுக்க எனக்கும் மனமில்லை. பங்குக்கு உரியவர் வெட்ட முடியாவிட்டால், வேறொருவருக்கு எழுத்துமூலமாக அனுமதி கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் காட்டுக்குள் போகிறவனைத் திருடன் என்று பிடிக்கக் காட்டிலாகாவுக்கு அதிகாரம் உண்டு. மதாம் கொலெத் ஒரு படிவம் கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நித்யா அதை நிரப்பினாள். நிரப்பி என் பக்கம் நகர்த்தினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அனுமதி பெறுபவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். உறவு: தகப்பனார். வசிக்கும் இடம் என்று கேட்டிருந்த இடத்தில் 'என் வீட்டில்' என்று எழுதியிருந்தாள்.

பன்னிரண்டு வருஷமாக வாடகை கட்டுகிறவன் நான். இந்த வீட்டின் ஒழுகுகிற ஓட்டை ஏணி வைத்து ஏறி அடைத்தவன் நான்.

"என்னம்மா இது? என் வீட்டில்னு எழுதியிருக்கே?" என்றேன்.

"மதாம் கொலெத் அப்படித்தான் எழுதணும்னா. பட்டியல்ல யார் பேர் இருக்கோ அவா வீடு."

"படிவத்துக்கு அது சரி. ஆனா..."

அவள் பேனாவை மூடினாள். "அப்பா, மூணு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணினே. ஒவ்வொரு தடவையும் என்ன கேட்டே தெரியுமா? 'அங்கே தனியாக் கஷ்டப்படாதே, பரீட்சை முடிஞ்சதும் நம்மாத்துக்கு வந்துடு'ன்னே. நம்மாம்னா உனக்கு மயிலாப்பூர்தான். எப்பவுமே அதுதான். நான் தப்பு சொல்லலை. ஆனா அப்போ இது யார் வீடு? யாராவது ஒருத்தர் இதைத் தன் வீடுன்னு சொல்லணும் இல்லையா?"

கல்யாணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. போட்டேன். அவளும் போட்டாள். மறுநாள் விடியற்காலையில் பனியில் உறைந்து கிடந்த சரிவில் ஏறி, என் மகள் வீட்டு அடுப்புக்காக முதல் மரத்தை வெட்டினேன்.